வாசகர் கேள்வி: டிக்கன்ஸோடு யாரைப் படிக்கலாம்?

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): டர்பனில் யூனிவர்சிட்டி படிக்கும் என் மகளுக்கு டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' பாடம். "எங்கேயோ மில்லில் யாரோ கஷ்டப்பட்டதை நான் ஏன் படிக்கணும்?" என்று முணுமுணுக்கிறாள். கூடவே வேறு எதைப் படிக்கச் சொல்லலாம்?

பதில்: அந்த 'எங்கேயோ'வை முதலில் பார்ப்போம். நாவல் வந்தது 1854இல். மதராஸிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. இடையில் ஆறே வருஷம்தான். அங்கே பருத்தி மில், இங்கே கரும்புத் தோட்டமும் சர்க்கரை மில்லும். ஆனால் அங்கே சங்கம் வைத்து ஸ்ட்ரைக் செய்ய முடிந்தது, இங்கே ஒப்பந்தக் கூலி எஸ்டேட்டை விட்டு ஓடினால் ஜெயில். இதைச் சொல்லிப் பாருங்கள், முணுமுணுப்பு கொஞ்சம் குறையலாம்.

டிக்கன்ஸ் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ப்ரெஸ்டன் ஊரில் நெசவாளர்கள் பத்து சதவீதம் கூலி உயர்வு கேட்டு மாதக்கணக்கில் போராடியபோது, 1854 ஜனவரியில் அவர் நேரில் போய்ப் பார்த்தார். தான் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் கட்டுரையும் எழுதினார், அதில் தொழிலாளர் கூட்டம் ஒழுங்காகவும் பொறுமையாகவும் நடந்ததாகச் சொல்கிறார். சில வாரம் கழித்து அதே இதழில் தொடர்கதை தொடங்குகிறது, அதில் வரும் சங்கத் தலைவன் ஸ்லாக்பிரிட்ஜோ வெறும் வாய்ச்சவடால் ஆள்! கண்ணால் கண்டதைக் கட்டுரையில் எழுதியவர் கதையில் ஏன் இப்படிச் செய்தார் என்று மகளையே யோசிக்கச் சொல்லுங்கள், நல்ல அசைன்மென்ட் கிடைக்கும்.

கூடப் படிக்க எலிசபெத் கேஸ்கல். இவர் 1832இல் கல்யாணமாகி மான்செஸ்டரில் குடியேறியவர், பாதிரியாரின் மனைவி, மில் தொழிலாளிகளின் வீடுகளுக்குள் போய்வந்து பழகியவர். 'மேரி பார்ட்டன்' (1848) வந்ததும் முதலாளிகளைத் தப்பாகக் காட்டிவிட்டார் என்று மில்காரர்கள் தரப்பில் கோபம். அப்புறம் 'நார்த் அண்ட் சவுத்', இதுவும் டிக்கன்ஸின் இதழில்தான், 'ஹார்ட் டைம்ஸ்' முடிந்த கையோடு தொடராக வந்தது. அதில் பெஸ்ஸி என்ற பெண் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டுச் சாகிறாள். தூசியை வெளியேற்ற மில்லில் சக்கரம் வைக்கலாம், அதற்குக் காசு செலவாகும் என்பதால் பல முதலாளிகள் வைப்பதில்லை என்று அவளே சொல்கிறாள். நான் கேஸ்கல் கட்சி. மகள் இதை முதலில் படித்துவிட்டு டிக்கன்ஸுக்கு வரட்டும்.

கேள்வி (டோங்காட் வாசகர்): அந்தக் காலத்துக் கவிஞர்கள் இதையெல்லாம் பாடவே இல்லையா?

பதில்: பாடாமல் என்ன! சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கைகளைப் படித்த எலிசபெத் பாரெட், 1843இல் 'தி க்ரை ஆஃப் தி சில்ட்ரன்' எழுதினார். மறுபக்கம் வேர்ட்ஸ்வொர்த். தான் வாழ்ந்த ஏரி நாட்டுக்கு (வட இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட்) ரயில் வரக்கூடாது, வந்தால் மில் ஊர்களிலிருந்து கூட்டம் வந்து இறங்கும் என்று 1844இல் கவிதையும் எழுதினார், பத்திரிகைக்குக் கடிதமும் போட்டார். ரயில் 1847இல் வந்துவிட்டது.