மென்பொருள் நிறுவனத்தோடு கையெழுத்திடும் முன்

கேள்வி: மின்தூக்கிகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர் புகார்கள், டெக்னீஷியன்களின் பணிப் பதிவு, உதிரிபாக இருப்பு, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களின் புதுப்பிப்பு எல்லாம் எக்செல் தாள்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எங்களுக்கென்றே ஒரு மென்பொருளைச் செய்து வாங்கலாம் என்று மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டேன். முதல் நிறுவனம் மிகக் குறைந்த தொகையை மொத்தமாகச் சொல்லி, மூன்றே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறது. இரண்டாவது நிறுவனம் மணிக்கணக்கில் பணம் கேட்கிறது. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று உறுதி சொல்ல மறுக்கிறது. மூன்றாவது நிறுவனம் முதலாமவரைப் போல் மூன்று மடங்கு கேட்கிறது. எனக்குக் கணினித் துறையில் அறிமுகம் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது? கையெழுத்திடும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கையில் இருக்கும் மூன்று தொகைகளையும் இப்போதைக்கு ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூவரிடமும் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. வாய்மொழியாகவோ ஒரு பக்க மின்னஞ்சலிலோ தேவையைச் சொல்லியிருந்தால், மூவரும் தத்தம் மனத்தில் வெவ்வேறு மென்பொருளைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு விலை போட்டிருப்பார்கள். குறைவாகக் கேட்டவர் ஏமாற்றுகிறார் என்றோ, அதிகமாகக் கேட்டவர் தரமானவர் என்றோ இதை வைத்து முடிவு கட்ட இயலாது.

அதற்கும் முன்னால், இந்த மென்பொருள் முழுவதையும் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். களப்பணியாளர்களுக்கு வேலை ஒதுக்குவது, வருகைப் பதிவு, பில் போடுவது போன்றவற்றுக்கு மாதச் சந்தாவில் கிடைக்கும் ஆயத்த மென்பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் இரண்டை எடுத்துச் சில வாரங்கள் உண்மையான வேலையில் பயன்படுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் அவை உங்கள் வேலைக்கு ஒத்துவராமல் போகின்றனவோ, அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வது நியாயமானது. மற்றதை ஆயத்தமாக வாங்கி அதனோடு இணைத்துக்கொள்ளலாம். நல்ல மென்பொருள் நிறுவனம் இந்த யோசனையைத் தானாகவே முன்வைக்கும், அதனால் தனக்கு வரும் தொகை குறைந்தாலும். எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம் என்று தயங்காமல் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி, ஆளை எடைபோடும் விதம். கணினி அறிவு இல்லை என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை; உங்கள் தொழிலை நீங்கள் அறிந்த அளவுக்கு அவர்களில் எவரும் அறியமாட்டார்கள், அதுவே போதுமான அளவுகோல். சந்திப்புகளில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்டார்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் டெக்னீஷியன் மின்தூக்கியின் அடிக்குழிக்குள் இறங்கி நிற்கும்போது அவருடைய கைபேசியில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. அங்கே அவர் பதியும் விவரத்தைக் கைபேசியிலேயே சேமித்துவைத்து, மேலே வந்து சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பும்படி அந்தச் செயலியை ஆரம்பத்திலிருந்தே வடிவமைக்க வேண்டும். பாதி வேலை முடிந்தபின் இதைச் சேர்ப்பது அநேகமாக மறுபடி முதலிலிருந்து எழுதுவதற்குச் சமம். சிக்னல் இல்லாத இரண்டு பேர் கிடங்கில் இருந்த ஒரே ஒரு கதவு உருளையை ஆளுக்கொரு கட்டடத்தில் பொருத்தியதாகப் பதிந்துவிட்டால் எந்தப் பதிவை ஏற்பது? உள்ளே ஆள் சிக்கிக்கொண்டார் என்ற அழைப்பும், விசிறி சத்தம் போடுகிறது என்ற புகாரும் ஒரே வரிசையில் நிற்கலாமா? இவற்றில் ஒன்றையாவது கேட்டவர் எவரோ அவர் உங்கள் வேலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார். ஒருவரும் கேட்கவில்லையென்றால், மூன்று விலைப்புள்ளிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தேவையை எழுதிக் கொடுப்பதற்குத் தொழில்நுட்ப மொழி வேண்டாம். ஒரு புகார் தொலைபேசியில் வந்த நொடியிலிருந்து பில் தொகை வசூலாகும் வரை யார் கையில் என்ன நடக்கிறது என்பதை நான்கைந்து பக்கங்களில் அப்படியே எழுதுங்கள். வழக்கத்துக்கு மாறாக நடப்பவற்றையும் சேருங்கள்: கட்டடத்துக்குள் அனுமதி கிடைக்காமல் திரும்பி வருவது, மாற்றிய பாகம் உத்தரவாதக் காலத்திலேயே பழுதாவது, ஒப்பந்தம் காலாவதியான வாடிக்கையாளர் அவசரம் என்று அழைப்பது. மென்பொருளின் விலையும் காலமும் ஏறுவது பெரும்பாலும் இந்த விதிவிலக்குகளால்தான்.

அதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி முடித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கையாள 2001இல் ஒரு மென்பொருள் திட்டத்தைத் தொடங்கியது. தேவைகளை விவரிக்கும் ஆவணம் மட்டுமே 800 பக்கங்களுக்கு மேல் நீண்டது. வேலை நடக்க நடக்கத் தேவைகளும் மாறிக்கொண்டே போயின. சுமார் 17 கோடி டாலர் செலவானபின் 2005இல் அதைக் கைவிட்டார்கள். அடுத்து வந்த திட்டமும் தாமதத்தில் சிக்கியபோது, 2010இல் அந்த அமைப்பே பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சிறிய குழுவை வைத்துக் குறுகிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இயங்கும் மென்பொருளைப் பார்த்துப் பார்த்து முன்னேறியது. 2012இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் திட்டம் அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை இயங்கும் மென்பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மொத்தத் தொகையா மணிக்கணக்கா என்ற கேள்வியை, எதிர்பாராத வேலை வந்தால் நஷ்டம் யாருடையது என்று மாற்றிக் கேட்டால் தெளிவு கிடைக்கும். மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்பவர் அந்த நஷ்டத்தைத் தாம் சுமக்கிறார். ஆகவே ஒன்று அதற்கும் சேர்த்து விலையைக் கூட்டியிருப்பார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒப்பந்தத்தில் இல்லாதது என்று தனியாக பில் போடுவார். மணிக்கணக்கில் அந்தச் சுமை உங்களுடையது. இரண்டாவது நிறுவனம் மொத்தத்தைச் சொல்ல மறுப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. போதிய விவரம் இல்லாமல் உறுதி தருவதைவிட அது நேர்மையானது. ஆனால் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்பையாவது அவர்கள் சொல்லியாக வேண்டும். உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். எந்த முறையை ஏற்றாலும், முதலில் மூன்று நான்கு வாரத்துக்குரிய ஒரு சிறு வேலையைப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். புகாரைப் பதிந்து டெக்னீஷியனுக்கு ஒதுக்கும் பகுதி மட்டும் போதும். அவர்கள் சொன்ன தேதியைக் காப்பாற்றுகிறார்களா, சிக்கல் வந்தால் தாமாக முன்வந்து சொல்கிறார்களா, உங்கள் ஆட்களிடம் பொறுமையாகப் பேசுகிறார்களா என்பதெல்லாம் எந்த விளக்கப்படத்தையும்விட இதில் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

உங்களைச் சந்தித்துப் பேசியவர்களே நிரல் எழுதப் போகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். யார் எழுதப் போகிறார்கள், வேறு நிறுவனத்துக்கு உட்குத்தகை விடுவார்களா, முக்கியமான டெவலப்பர் நடுவில் விலகினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அந்த டெவலப்பரோடு ஒரு மணி நேரம் பேச அனுமதி கேளுங்கள். தாமதமானால் கூடுதலாக ஆட்களைப் போட்டு முடித்துவிடுவோம் என்ற பதில் வந்தால் நம்ப வேண்டாம். ஐ.பி.எம். கணினி நிறுவனத்தின் ஓ.எஸ்/360 என்ற இயங்குதள மென்பொருள் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இலேயே எழுதியிருக்கிறார். புதிதாக வருபவருக்கு விளக்கிச் சொல்வதிலேயே பழையவரின் நேரம் போய்விடும் என்பதே அதற்குக் காரணம். பழைய வாடிக்கையாளர்களில், மென்பொருளை வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தி வரும் ஒருவரிடமாவது தொலைபேசியில் பேசுங்கள். முடித்துக் கொடுத்தபின் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

இப்போது, பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்திடும் பகுதிக்கு வருகிறேன். பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன மென்பொருள் இயல்பாகவே தமக்குச் சொந்தம் என்று பலரும் நம்புகிறார்கள். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கைப்படி கணினி நிரல் இலக்கியப் படைப்புக்கு உரிய பதிப்புரிமைப் பாதுகாப்பைப் பெறுகிறது. உங்கள் ஊழியர் அலுவல் நிமித்தம் எழுதியது பொதுவாக உங்களுக்குச் சேரும். ஆனால் வெளி நிறுவனம் எழுதிக் கொடுத்ததன் பதிப்புரிமை, எழுத்துபூர்வமாக மாற்றித் தரப்படாத வரை, பல நாடுகளில் அந்த நிறுவனத்திடமே தங்கிவிடும். வீடு கட்ட முழுப் பணமும் கொடுத்தபின் பத்திரம் மேஸ்திரியின் பெயரில் இருப்பதைப் போன்றது இது. ஆகவே, அந்தந்தத் தவணைப் பணம் செலுத்தப்பட்டதும் அதுவரை எழுதப்பட்ட மூலநிரலின் (டெவலப்பர்கள் எழுதும் நிரலின் மூல வடிவம்) பதிப்புரிமை உங்களுக்கு முழுமையாக மாறும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எல்லாத் திட்டங்களிலும் அவர்கள் பயன்படுத்தும் சொந்த நிரல்தொகுப்புகளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்; அது நியாயமே. அவற்றைக் காலவரையறை இன்றிப் பயன்படுத்தவும், வேறொருவரைக் கொண்டு மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு அனுமதி இருந்தால் போதும். பிறர் எழுதிப் பொதுவில் வெளியிட்ட திறந்தமூல நிரல்களில் எவையெவற்றைச் சேர்த்திருக்கிறார்கள், அவற்றின் உரிம நிபந்தனைகள் என்ன என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

சட்ட உரிமை கையில் இருந்தும் சாவி பிறர் கையில் இருந்தால் பயனில்லை. மூலநிரல் சேமிக்கப்படும் கிட்ஹப் போன்ற தளத்தின் கணக்கு, மென்பொருள் இயங்கும் கிளவுட் சர்வர் (இணையவழி வாடகைக் கணினி) கணக்கு, டொமைன் (இணைய முகவரி) பதிவு, செயலியை வெளியிடும் கூகுள், ஆப்பிள் டெவலப்பர் கணக்குகள் ஆகிய அனைத்தையும் முதல் நாளிலேயே உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் திறந்துவிட்டு, அவர்களுக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் மாற்றித் தருகிறோம் என்ற வாக்குறுதி நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் மனக்கசப்பு வரும்போது முதலில் நின்றுபோவது அந்த மாற்றித் தருதல்தான். எழுதிய நிரல் அன்றன்று உங்கள் கணக்கில் வந்து சேர வேண்டும். இந்த ஏற்பாடு இருந்தால், என்றாவது பிரிய நேர்ந்தாலும் அடுத்த குழு விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

உங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் இதில் அடங்கியிருப்பதால், சோதனைக்கு உண்மையான விவரங்களைக் கொடுக்காதீர்கள். பொய் விவரங்களை வைத்தே சோதிக்கச் சொல்லுங்கள். பேக்கப் எடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னால், அதிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற திறந்தமூல நிரல்தொகுப்பில் மிக மோசமான பாதுகாப்புக் குறை வெளியானபோது, அந்தத் தொகுப்பு தங்கள் மென்பொருளுக்குள் எங்கெங்கே இருக்கிறது என்றே தெரியாமல் உலகெங்கும் நிறுவனங்கள் தேடி அலைந்தன. மேலே சொன்ன திறந்தமூல நிரல்களின் பட்டியல் அப்படிப்பட்ட நாளில் உதவும்; குறை வெளியானால் எத்தனை நாளுக்குள் சரிசெய்வார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்படைத்த பிறகும் செலவு உண்டு. உருவாக்கிய தொகையில் 15 முதல் 20 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்குவது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நீங்களே பராமரிப்புத் தொழிலில் இருப்பதால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எது பிழை, எது புதிய தேவை என்ற வரையறை மட்டும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். தகராறுகளில் பெரும்பகுதி அங்கேதான் முளைக்கிறது. முன்பணத்தைச் சிறிதாக வையுங்கள். ஒவ்வொரு தவணையையும் தேதியோடு இணைக்காமல், உங்கள் டெக்னீஷியன்கள் தம் சொந்தக் கைபேசியில் உண்மையான வேலையில் பயன்படுத்தி, சரி என்று ஒப்புக்கொண்ட பகுதியோடு இணையுங்கள். கடைசித் தவணை, எல்லாம் சில வாரங்கள் தடையின்றி ஓடிய பிறகு போகட்டும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. அவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு ஓரிரு நாளில் முடிவு சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரை நியமியுங்கள். வாரத்தில் சில மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். வாங்குபவர் பதில் சொல்லாததால் நின்றுபோகும் திட்டங்களும் நிறைய. கூடவே, இந்த மூவரோடும் தொடர்பில்லாத அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து, ஒப்பந்த வரைவையும் முதல் கட்ட நிரலையும் பார்க்கச் சொல்லுங்கள்; பதிப்புரிமைப் பகுதியை ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும்.

உங்கள் மூன்று நிறுவனங்களைப் பொறுத்தவரை, அந்த நான்கைந்து பக்கங்களை மூவருக்கும் ஒரே நாளில் அனுப்பிப் புதிய விலைப்புள்ளி கேளுங்கள். முதலாமவரிடம் எவையெல்லாம் இந்தத் தொகையில் அடங்காது என்றும், சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்வது இதில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். இரண்டாமவரிடம் உச்ச வரம்பைக் கேளுங்கள். மூன்றாமவரிடம் பகுதிவாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சோதனைக்கும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேர்த்தே அவர் கேட்டிருக்கக்கூடும், அப்படியானால் அந்த மும்மடங்கு உண்மையில் மும்மடங்காக இராது. கணக்குகள் உங்கள் பெயரில் இருப்பதற்கோ பதிப்புரிமையை எழுதித் தருவதற்கோ மறுப்பவரை, அவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எஞ்சியவர்களில் உங்கள் தொழிலைப் பற்றி அதிகம் கேட்டவருக்கு அந்த முதல் சிறு வேலையைக் கொடுங்கள்.