தசையழற்சியில் ஒட்டு மூலக்கூறுகள்: கேள்வி பதில்

கே (எம்.டி. மாணவி): ரத்தத்தில் ஓடும் வெள்ளணு தசைக்குள் எப்படி நுழைகிறது, டாக்டர்?

ப: முதலில் செலக்டின்கள் என்ற ஒட்டு மூலக்கூறுகள் லேசாகப் பிடிக்க, வெள்ளணு குழாய்ச் சுவரில் உருண்டு வேகம் குறைகிறது. கீமோகைன் என்ற அழைப்புப் புரதம் பட்டதும் வெள்ளணுவின் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்ற ஒட்டுப் புரதங்கள் நிமிர்ந்து பிடி இறுகும். எல்எஃப்ஏ-1, விஎல்ஏ-4 என்ற இன்டெக்ரின்கள் முறையே குழாய்ச் சுவரிலுள்ள ஐகேம்-1, விகேம்-1 மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள, அணு நின்று, சுவரின் இடுக்கு வழியே உள்ளே நழுவும். டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிச் செய்திப் புரதங்கள் கூடினால் சுவரில் ஐகேம்-1ம் கூடும்.

கே (அதே மாணவி): எல்லா மயோசைட்டிசிலும் (தசையழற்சியிலும்) இதே கதைதானா?

ப: இல்லை. தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைட்டிசில் முக்கியக் களம் ரத்தக் குழாய். நுண்குழாய்களில் சி5பி-9 என்ற, செல்லைத் துளைக்கும் புரதக் கூட்டு படிந்து அந்தக் குழாய்கள் அழியும், தசைக் கற்றையின் ஓர இழைகள் சுருங்கும். இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற இன்னொரு வகையில் சிடி8 செல்கள் என்ற கொல்லும் வெள்ளணுக்கள் சாகாத இழைக்குள்ளேயே புகும். அந்த இழையிலும், சிடி8 செல்லுக்கு அடையாளம் காட்டும் எம்எச்சி-1 புரதமும் ஐகேம்-1ம் தெரியும்.

கே (லேப் டெக்னீஷியன்): ஆன்டிபாடியால் சாயமேற்றிப் பார்த்தால் கன்ட்ரோல் (நோயில்லாத) தசையிலும் நுண்குழாய்கள் ஐகேம்-1 பாசிட்டிவ். ஆன்டிபாடி கெட்டுவிட்டதா சார்?

ப: கெடவில்லை. ஆரோக்கியமான குழாயிலும் ஐகேம்-1 கொஞ்சம் இருக்கும். கூடியிருக்கிறதா, இழையின் மேலும் ஏறியிருக்கிறதா என்று கன்ட்ரோலோடு ஒப்பிடுங்கள். அதைவிட, பயாப்சித் துண்டை உறையவைப்பதைக் கவனியுங்கள். சலைனில் ஊறிய துண்டு உறைந்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி இழையெல்லாம் துளைதுளையாகிவிடும். சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். திரவ நைட்ரஜனில் நேராகப் போடாதீர்கள். துண்டைச் சுற்றி வாயுப்படலம் எழுந்து உறைதல் தாமதமாகும். நைட்ரஜனால் குளிர்வித்த ஐசோபென்டேன் திரவத்தின் அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கியதும் துண்டை இறக்குங்கள். செக்‌ஷன் 8 முதல் 10 மைக்ரான் தடிமன். ஊசி குத்தி ஈஎம்ஜி (தசையின் மின்பதிவு) எடுத்த தசை வேண்டாம். ஊசிக் காயமே அழற்சி போலத் தெரியும்.

கே (நோயாளியின் மகன்): அம்மாவுக்கு ரத்தத்தில் ஐகேம்-1 அளவு பார்க்கலாமா டாக்டர்?

ப: காசு வீண் தம்பி. சாதாரணத் தொற்றிலும் அது ஏறும். கை கால் பலமும் சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) அளவும் போதும்.

கே (ரெசிடென்ட்): ஒட்டுவதையே மருந்தால் தடுத்தால்?

ப: சொரியாசிசுக்கு வந்த எஃபாலிசுமாப் எல்எஃப்ஏ-1ஐத் தடுத்தது, பிஎம்எல் என்ற மூளைத் தொற்றால் 2009இல் சந்தையை விட்டுப் போனது. விஎல்ஏ-4ஐத் தடுக்கும் நடாலிசுமாபுக்கும் அதே அபாயம் உண்டு. ரத்தக் குழாய் வழியே ஏற்றும் ஆன்டிபாடிக் கலவையான ஐவிஐஜி வேறு ரகம். டெர்மடோமயோசைட்டிசில் 15 பேரை வைத்து 1993இல் வெளியான ஆய்வில், மாதம் கிலோவுக்கு 2 கிராம் வீதம் 3 மாதம் கொடுத்தார்கள். நன்றாகத் தேறிய சிலரின் மறு பயாப்சியில் சி5பி-9 படிவும் ஐகேம்-1ம் குறைந்திருந்தன.