டயருக்குள்ளிருந்து கம்பி எடுக்கும் அம்மா

கேள்வி: ஆப்பிரிக்கப் படங்களைப் பற்றி விடாமல் எழுதுகிறீர்கள். வறுமையும் சண்டையும் தவிர அவற்றில் வேறென்ன இருக்கிறது?
– வாசகர், பட்டுக்கோட்டை

வறுமை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் யாரும் வறுமையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சாட் நாட்டு இயக்குநர் மஹமத் சாலே ஹாரூன் 2021-இல் எடுத்த ‘லிங்குயி’யைப் பாருங்கள். ஒரு பெண் பழைய டயரைக் கத்தியால் கிழிக்கிறாள். மூச்சு வாங்குகிறது, வியர்வை கொட்டுகிறது. உள்ளேயிருக்கும் கம்பியை உருவி, அதை வளைத்து அடுப்பு பின்னுகிறாள். தலைநகர் இன்ஜமீனாவின் ஓரத்தில் நடந்து நடந்து அதை விற்கிறாள். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று சொந்த வீட்டாரே அவளை ஒதுக்கிவிட்டார்கள். இப்போது அவளுடைய 15 வயது மகள் கர்ப்பம். பள்ளிக்கூடம் மகளை வெளியே அனுப்பிவிட்டது. கருவைக் கலைக்க வேண்டும் என்கிறாள் மகள். அம்மாவோ தொழுகை தவறாதவள். மதம் விடாது, சட்டமும் விடாது. மறைவாகச் செய்துகொள்ளக் கையில் காசும் இல்லை.

இதற்கிடையில் அம்மாவின் சகோதரி வருகிறாள். அவள் பெண்ணுக்கு சுன்னத் (பெண்ணுறுப்பின் ஒரு பகுதியை வெட்டும் சடங்கு) செய்தே தீர வேண்டும் என்று கணவன் நிற்கிறான். பெண்களுக்குள் பேசி ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். மருத்துவச்சி சடங்கைச் செய்வதுபோல் நடிக்கிறாள், சிறுமிமேல் கத்தி படவே இல்லை. அப்பாவுக்கு ஒரே பெருமை. ‘லிங்குயி’ என்றால் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் பந்தம் என்று பொருளாம். அந்த அறைக்குள் நடந்த பொய்யும் அதில் சேர்த்திதான்.

இதே சுன்னத்தைப் பற்றி செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 2004-இல், தம்முடைய எண்பதுகளில், ‘மூலாதே’ எடுத்தார். மூலாதே என்றால் அடைக்கலம். நான்கு சிறுமிகள் ஓடி வந்து கோலே என்ற பெண்ணிடம் தஞ்சம் கேட்கிறார்கள். அவள் வீட்டு வாசலில் குறுக்கே ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகிறாள், அவ்வளவுதான். ஒரு குழந்தை தாண்டிவிடும் உயரம். ஆனால் மரபுப்படி அதைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது. மரபை வைத்தே மரபை நிறுத்துகிறாள்! ஊர் ஆண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெண்களின் ரேடியோக்களையெல்லாம் பிடுங்கி, மசூதி முன்னால் குவித்துக் கொளுத்துகிறார்கள். புத்தி கெட்டது ரேடியோவால்தானாம்.

ஒருத்தி ஊரறியக் கயிறு கட்டுகிறாள், இன்னொருத்தி ஊருக்குத் தெரியாமல் நாடகம் ஆடுகிறாள். கைதட்டல் முதலாமவளுக்குத்தான் கிடைக்கும். என் மனதில் அதிகம் தங்கியது இரண்டாவதுதான்.

கேள்வி: உங்களுக்கு இந்த ஈடுபாடு எப்படி வந்தது?
– வாசகி, கோவில்பட்டி

வங்கியில் காசாளராக இருந்தபோது நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினோம். பள்ளிக்கூட ஹாலில் வேட்டியைத் திரையாகக் கட்டுவோம். ஒரு மாதம் கேட்ட படம் வராமல் வேறொரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் செம்பேனின் முதல் முழுநீளப் படம், 1966-இல் வந்தது. செனகலின் தலைநகர் டக்காரிலிருந்து ஒரு பெண் பிரான்சுக்குப் போகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நம்பிப் போனவளை ஒரு ஃபிளாட்டுக்குள் அடைத்து, சமைக்கவும் துடைக்கவும் வைக்கிறார்கள். கடைசியில் குளியல் தொட்டியில் உயிரை விடுகிறாள்.

அன்று பள்ளிக்கூட ஆயா பெஞ்சை ஒதுக்க வந்தவர், அப்படியே நின்று பார்த்தார். சப்டைட்டில் அவருக்குப் படிக்கத் தெரியாது. முடிந்ததும், “குவைத்துக்குப் போன எங்கக்கா மக மாதிரியே இருக்கா சார். அவளாவது திரும்பி வந்துட்டா” என்றார். சங்கத்தில் நாங்கள் அடுத்த ஒரு மணி நேரம் பேசியதில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். செம்பேன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். தம் மக்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாதே என்றுதான் நாற்பது வயதையொட்டி சினிமாவுக்கு வந்தார்.

கேள்வி: நைஜீரியப் படத்தை ஆஸ்கரிலிருந்து தள்ளினார்களாமே?
– வாசகர், சேலம்

ஆமாம், 2019-இல். ‘லயன்ஹார்ட்’ படத்தில் வசனம் பெரும்பாலும் ஆங்கிலம், அதனால் ஆங்கிலமல்லாத மொழிப் படங்களுக்கான சர்வதேசப் படப் பிரிவில் இடமில்லை என்றார்கள். நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம். அதைக் கொண்டுபோய் வைத்தது யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு படம் வெறும் ஏழு நாள் மட்டும் அனுமதிக்கப்பட்டது என்று படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

உண்மைதான் அம்மா. கென்யாவின் வனூரி கஹியு எடுத்த ‘ரஃபிக்கி’, 2018. ‘தோழி’ என்று சொல்லலாம். தேர்தலில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அப்பாக்களின் பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். முடிவை மாற்றுங்கள் என்றது தணிக்கை வாரியம். அந்தப் பெண்கள் செய்ததற்கு வருந்துவதாக இல்லையாம்! இயக்குநர் மாற்றவில்லை, படத்துக்குத் தடை. ஆஸ்கருக்கு அனுப்பத் தகுதி பெற வேண்டுமே என்று நீதிமன்றம் போனார். ஏழு நாள் ஓட்டலாம், பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. நைரோபியில் தியேட்டர் நிரம்பியது. அப்புறம் கென்யா ஆஸ்கருக்கு அனுப்பியது வேறொரு படத்தை.

கேள்வி: இந்தப் படங்களை அந்த நாட்டு மக்கள் பார்க்கிறார்களா? விழாக்களோடு சரியா?
– வாசகர், ஈரோடு

என்னை உறுத்துவதும் இதுதான். பல படங்களுக்குப் பணம் பிரான்சிலிருந்து வருகிறது, பரிசு அங்கேயே கான் திரைப்பட விழாவில் கிடைக்கிறது. ஊரில் தியேட்டர் இல்லை. புர்கினா ஃபாசோவின் வாகடூகுவில் 1969 முதல் நடக்கும் ஃபெஸ்பாகோ என்ற ஆப்பிரிக்கத் திரைப்பட விழாதான் பெரிய ஆறுதல்.

சூடானில் வயதான இயக்குநர்கள் நால்வர், ஓம்துர்மானில் மூடிக்கிடக்கும் திறந்தவெளி அரங்கம் ஒன்றைத் திரும்பத் திறக்கப் பாடுபடுவதை சுஹைப் காஸ்மெல்பாரி என்ற இயக்குநர் ‘டாக்கிங் அபௌட் ட்ரீஸ்’ என்று 2019-இல் ஆவணப்படமாக எடுத்தார். அரங்கின் பெயர் ‘புரட்சி’. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் அனுமதி கேட்டால்? அலைகிறார்கள், மேசை மேசையாக. நடுவில் தெருப் பையன்களிடம் எந்தப் படம் போடலாம் என்று கருத்துக்கணிப்பு வேறு.

படத்தின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லை. இருட்டில் ஒரு கிழவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பழைய ஹாலிவுட் நாயகியாக மாறுகிறார். மற்றவர்கள் இல்லாத கேமராவைத் திருப்பி, “ஆக்‌ஷன்” என்கிறார்கள்.