அக்காவைக் கேளுங்கள்: ப்ரொஃபசருக்கு அப்போது வயசு 42

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயசு. 11 வருஷமாக மத்தியான சீரியல்களில் சின்ன வேஷம் கட்டுகிறேன். பெரும்பாலும் டாக்டர், இல்லையென்றால் வக்கீல். 'மணி ஹெய்ஸ்ட்' என்ற ஸ்பானிஷ் சீரிஸில் கொள்ளைக்குத் திட்டம் போடுகிற ப்ரொஃபசரைக் காட்டி, 'ஒரே சீரிஸ், உலகம் பூரா தெரிஞ்சுட்டாரு பாரு' என்கிறார்கள் வீட்டில். எனக்குக் காலம் தாண்டிவிட்டதா?
- பெயர் வேண்டாம் என்று எழுதியவர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, அந்த 'ஒரே சீரிஸ்' பேச்சை முதலில் தூக்கிப் போடு.

அவர் பெயர் அல்வாரோ மோர்த்தே. 1975-ல் ஸ்பெயினின் தெற்குக் கோடியில் அல்ஹெசிராஸ் என்ற ஊரில் பிறந்தவர். கண்டெய்னரும் கிரேனுமாக இருக்கிற துறைமுக ஊர், நம்ம ராயபுரம் பக்கம் மாதிரி. கோர்தோபாவில் நாடகப் பள்ளியை முடித்தது 1999-ல். ப்ரொஃபசராக டிவியில் வந்தது 2017 மே மாதம். நடுவில் 18 வருஷம். அப்போது அவருக்கு வயசு 42.

2011-ல் இடது தொடை எலும்பில் புற்றுநோய்க் கட்டி. உயிர் போய்விடும், இல்லாவிட்டால் காலையாவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்ததை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் மனைவியோடு சேர்ந்து '300 பிஸ்தோலாஸ்' என்று ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார். இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வந்தது என்ன தெரியுமா? தினசரி சீரியல்தான். 'எல் செக்ரெதோ தெ புவெந்தே வியெஹோ' என்று பழைய காலத்துக் கிராமக் கதை, எங்கள் மாமியார் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் பார்ப்பாரே, அந்த மாதிரி. அதில் 2014-லிருந்து 2017 வரைக்கும் அவர் லூகாஸ் மொலினேர். டாக்டர், தம்பி. நீ கட்டுகிற அதே வேஷம்.

ப்ரொஃபசர் வேஷமும் சும்மா மடியில் வந்து விழவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து ஆடிஷன். ஐம்பது வயசுப் பேராசிரியர் ஒருவரைத்தான் அவர்கள் முதலில் மனதில் வைத்திருந்தார்கள்.

ஆரம்ப எபிசோடுகளைத் திரும்பப் போட்டுப் பார். காபிக் கடையில் கொள்ளையை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் ரகேலின் போனில் சார்ஜ் இருக்காது. தன் போனைக் கொடுப்பவர் ப்ரொஃபசர். அவளை ஏமாற்ற வந்த ஆள், ஆனால் குரலில் மிரட்டல் துளியும் கிடையாது. கூச்சப்பட்டு, விரலால் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த நிதானம் மூன்று வருஷம் நோயாளிகளுக்குத் தைரியம் சொன்ன டாக்டர் வேஷத்தில் ஊறியது என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு, அவர் சொந்தக் குரலிலும் ஒருமுறை கேள்.

அதிர்ஷ்டமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஸ்பெயினில் ஆரம்பத்தில் ஓஹோ என்று ஓடி, போகப்போகப் பார்ப்பவர்கள் குறைந்துபோன தொடர் அது. நெட்ஃபிளிக்ஸ் எடுத்து, எபிசோடுகளை வேறு மாதிரி வெட்டி வெளியிட்ட பிறகுதான் உலகம் பார்த்தது. அது அவர் கையில் இல்லை. ஐந்தாவது ஆடிஷனுக்கும் போய் நின்றது அவர் கையில் இருந்தது.

நான் எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் 9 வருஷம் பில் போட்டவள். கேட்பது ஒன்று, மனசில் இருப்பது ஒன்று என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். நீ வயசைக் கேட்கவில்லை, அந்த 11 வருஷம் வீணா என்று கேட்கிறாய். வீணில்லை தம்பி. அடுத்த தடவை டாக்டர் கோட்டு மாட்டும்போது, கட்டிலில் படுத்திருக்கிற நடிகரின் கையை நிஜமாகவே பிடித்து நாடி பார். எபிசோட் வரும் தேதியை எனக்கு எழுது. மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

கேள்வி: ப்ரொஃபசர் அதற்கப்புறம் எதில் நடித்தார்?
- வாசகி, காசிமேடு

பதில்: 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் லோகைன். 2024-ல் 'இமாக்குலேட்' படத்தில் பாதிரியார். ஆனால் கடலோரத்துக்காரி நீ 'சின் லீமித்தெஸ்' என்ற தொடரைப் பார்க்கணும் கண்ணு. 2022-ல் வந்தது. அதில் அவர் எல்கானோ. தலைவர் மெகல்லன் வழியில் இறந்துபோக, 5 கப்பலில் புறப்பட்ட பயணத்தை உலகையே சுற்றி 1522-ல் ஒரே கப்பலில், தன்னையும் சேர்த்து 18 பேரோடு ஊர் கொண்டுவந்து சேர்த்த மாலுமி.