மானிட்டர்ல சிஓ2 ஜீரோ காட்டுனா முதல்ல பேஷண்ட்டை பாருங்க

பத்து பெட் இருக்குற ஒரு ஐசியூவுல வேலை பார்க்குற சிஸ்டர் ஒருத்தங்க எழுதியிருக்காங்க: "டாக்டர், எங்களுக்கு புதுசா மெயின்ஸ்ட்ரீம் சிஓ2 சென்சார் (டியூப்புலயே மாட்டி, வெளிய விடுற மூச்சுல இருக்குற சிஓ2வை அளக்குறது) வாங்கி குடுத்திருக்காங்க. மானிட்டர்ல 33 காட்டுற பேஷண்ட்டுக்கு ஏபிஜி (ரத்தத்துல சிஓ2 பார்க்குற டெஸ்ட்) எடுத்தா 48 வருது. சில நேரம் சும்மாவே ஜீரோ ஆகி அலாரம் அடிக்குது, தொல்லை தாங்காம சைலன்ஸ்ல போட்டுடுறோம். சென்சார் கைல தொட்டா சூடா வேற இருக்கு. இதை நம்பலாமா? குழந்தைங்களுக்கு போடலாமா?"

சிஸ்டர், அந்த சைலன்ஸ் விஷயத்தை முதல்ல பேசிடுவோம். வென்டிலேட்டர்ல இருக்குற பேஷண்ட்டுக்கு சிஓ2 அலை, அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் மானிட்டர்ல ஏறி இறங்குற கோடு, தட்டையா போச்சுன்னா மூச்சுக்குழாய்ல போட்ட டியூப் வெளிய வந்துடுச்சு, இல்ல அடைச்சிடுச்சு, இல்ல சர்க்யூட் (வென்டிலேட்டர் குழாய்) கழண்டுடுச்சு, இல்ல ஹார்ட்டே நின்னுடுச்சுன்னு தான் எடுத்துக்கணும், சென்சார் கோளாறுங்கறது அதெல்லாம் இல்லன்னு பார்த்ததுக்கு அப்புறம் கடைசியா வர்ற சந்தேகம். நான் மயக்க டாக்டரா வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு ஆஸ்பத்திரியில நடந்தது இது, பேஷண்ட்டை ஒரு பக்கமா திருப்பி பெட்ஷீட் மாத்துனாங்க, அலை தட்டையாச்சு, நாங்க எல்லாரும் கேபிளை பிடுங்கி பிடுங்கி சொருகிட்டு இருக்கோம், சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 98 இருக்கு அதனால பேஷண்ட் நல்லாதான் இருக்காருன்னு தைரியம் வேற. ஒரு சீனியர் சிஸ்டர் தான் வந்து டார்ச் அடிச்சு வாயை பார்த்தாங்க. 22 சென்டிமீட்டர் மார்க்ல கட்டியிருந்த டியூப் 15ல நிக்குது. அவர் பிழைச்சுட்டார், ஆனா அந்த ரெண்டு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கல.

சாச்சுரேஷன் ஏன் ஏமாத்துதுன்னா, ஆக்சிஜன் நிறைய போயிட்டு இருந்த நுரையீரல்ல ஸ்டாக் இருக்கும், மூச்சு நின்னாலும் சில நிமிஷம் அந்த நம்பர் இறங்காது. சிஓ2 அப்படி இல்ல, அடுத்த மூச்சுலயே சொல்லிடும். பிரிட்டன்ல 2011ல வந்த நேப்4ங்கற ஏர்வே (மூச்சுப்பாதை) சிக்கல்கள் பத்தின ஆய்வு அறிக்கையில, ஐசியூவுல ஏர்வே பிரச்சனையால போன உயிர்கள்ல 70 சதவீதத்துக்கு மேல கேப்னோகிராபி (இந்த சிஓ2 அலையை பார்க்குறது) யூஸ் பண்ணாததும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு எழுதினாங்க. அங்க மயக்க டாக்டர்கள் காலேஜ் இதுக்காகவே ஒரு பிரச்சாரம் நடத்துச்சு, அலை இல்லைன்னா டியூப் தப்பான இடத்துல இருக்குன்னு. "ஹார்ட் நின்னதால அலை இல்ல"ன்னு சமாதானம் சொல்லிக்கவும் கூடாது, நல்லா சிபிஆர் பண்ணிட்டு இருந்தா சின்னதாவாவது அலை வரும்.

அதனால அலாரம் அடிச்சா நெஞ்சு ஏறி இறங்குதா, டியூப் எந்த மார்க்ல இருக்கு, சர்க்யூட் மாட்டியிருக்கா, பல்ஸ் இருக்கான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா டாக்டரை கூப்பிட்டுட்டு ஆம்பூ பேக்ல (கையால அமுக்குற பை) காத்து குடுங்க. அப்புறம்தான் கேபிள்.

இப்போ 33க்கும் 48க்கும் வருவோம். ஆரோக்கியமான ஆளுக்கு ரத்தத்துல இருக்குற சிஓ2வை விட மானிட்டர் 2லிருந்து 5 எம்எம் மெர்க்குரி கம்மியா காட்டும், அது நார்மல். உங்க பேஷண்ட்டுக்கு 15 வித்தியாசம். அலையை பாருங்க, மேல மட்டமா ஒரு மேடை மாதிரி வந்து சட்டுனு இறங்குதா? அப்படின்னா சென்சார் பெரும்பாலும் சரியா தான் சொல்லுது, நுரையீரல்ல காத்து போற இடத்துக்கு ரத்தம் சரியா போகல, பிபி ரொம்ப கம்மியா இருக்கலாம், நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்கலாம், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கலாம். அந்த 15ங்கறதே டாக்டருக்கு ஒரு தகவல், சார்ட்ல ரெண்டு நம்பரையும் டைம் போட்டு எழுதுங்க. மேடையே இல்லாம சுறா முதுகுல இருக்குற துடுப்பு மாதிரி சாய்வா ஏறுதுன்னா வீசிங் இருக்கும், இல்ல டியூப் மடங்கியிருக்கும், அங்க காட்டுற நம்பரை நம்பாதீங்க. நம்பரை மட்டும் எழுதி அலையை பார்க்காம விடுறது தான் நான் அதிகமா பார்க்குற தப்பு.

சென்சார் பக்கமும் தப்பு இருக்கலாம். இது வேலை செய்யறதே அகச்சிவப்பு ஒளியை வச்சுதான், சிஓ2 அந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுதோ அதை வச்சு கணக்கு போடுது. ஒளி போற ஜன்னல்ல சளி, தண்ணி, நெபுலைசர் புகை எது படிஞ்சாலும் கணக்கு கெடும். நீங்க சொல்ற "சும்மாவே ஜீரோ" நிறைய நேரம் இதுதான். அடாப்டரை (சென்சார் உட்கார்ற, ஜன்னல் இருக்குற சின்ன குழாய் துண்டு) மாட்டும்போது ஜன்னல் ரெண்டு பக்கமும் நிமிர்ந்து நிக்கணும், படுத்த மாதிரி இருந்தா தண்ணி அங்கயே தேங்கும். நெபுலைசர் குடுக்கறப்போ அடாப்டரை கழட்டி வச்சுட்டு, முடிஞ்ச உடனே திரும்ப மாட்டணும், இந்த "உடனே" தான் நிறைய இடத்துல விட்டுப்போகுது. ஜீரோ பண்றதையும் (வெளிக்காத்தை வச்சு சென்சாரோட கணக்கை சரி பண்றது) பேஷண்ட் சர்க்யூட்ல வச்சு பண்ணாதீங்க. சுத்தமான அடாப்டரோட வெளிய எடுத்து, உங்க மூச்சும் வென்டிலேட்டர் வெளிய விடுற காத்தும் படாத இடத்துல, அரை நிமிஷமாவது காத்தாட விட்டு அப்புறம் பண்ணுங்க. அடாப்டர் டைப் மாத்துனாலும் ஜீரோ பண்ணணும். ஆன் பண்ண உடனே வர்ற நம்பரையும் எழுதாதீங்க, சூடாகுறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்.

அந்த சூடு வேணும்னே வச்சது, ஜன்னல்ல ஆவி படியாம இருக்க உள்ள சின்ன ஹீட்டர் ஓடுது. ஆனா கன்னத்து மேலயோ கழுத்து மேலயோ மணிக்கணக்குல படுத்து கிடந்தா தோல் புண்ணாகும், அதனால தோல்ல படாம காஸ் மடிச்சு வச்சு, கேபிளை தனியா தாங்கி கட்டுங்க, வெயிட் டியூப்பை இழுக்கக்கூடாது.

குழந்தைக்கு போடலாம், ஆனா பெரியவங்க அடாப்டரை போடவே கூடாது. அதுக்குள்ள சுமார் 5 எம்எல் இடம் இருக்கு. 3 கிலோ குழந்தை ஒரு மூச்சுக்கு இழுக்கறதே 15லிருந்து 18 எம்எல் தான், அதுல மூணுல ஒரு பங்கு விட்ட காத்தையே திரும்ப இழுக்கும். பச்சைக்குழந்தைக்குன்னு 1 எம்எல்லுக்கும் கம்மியான அடாப்டர் வருது, அது ஸ்டாக் இல்லன்னா வாங்கிட்டு அப்புறம் போடுங்க. சின்ன டியூப் சீக்கிரம் நழுவும், அதனால வெயிட் விஷயத்துல இன்னும் கவனம்.

கிளீனிங் பத்தி கேட்கல, ஆனாலும் சொல்றேன். சென்சாரை 70 சதவீத ஆல்கஹால் நனைச்ச துணியால துடைங்க, தண்ணில முக்காதீங்க, ஆட்டோகிளேவ்ல போடாதீங்க. டிஸ்போஸபிள்னு போட்டிருக்குற அடாப்டரை ஸ்பிரிட்ல கழுவி அடுத்த பேஷண்ட்டுக்கு மாட்ட சொன்னாங்கன்னா, முடியாதுன்னு சொல்லுங்க.

இன்னைக்கு நைட் டூட்டிக்கு போனதும் ஒண்ணு பண்ணிப் பாருங்க. புது அடாப்டர் ஒண்ணை சென்சார்ல மாட்டி நீங்களே அதுக்குள்ள நாலு தடவை மூச்சை விடுங்க. அலை எழும்பி மேடை வந்து 35லிருந்து 45க்குள்ள நின்னா அந்த சென்சார் வேலை செய்யுது, அடாப்டரை தூக்கி போட்டுட்டு சைலன்ஸை எடுத்து விடுங்க.