யூஆர்எல்லில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்: கேள்வி பதில்

ஒரே பாராமீட்டர் பெயர் (கேள்விக்குறிக்குப் பின்னால் "பெயர்=மதிப்பு" என்று வருவதில் உள்ள பெயர்) யூஆர்எல்லில் திரும்பத் திரும்ப வரும்போது ஏற்படும் குழப்பங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே முடிச்சில் வந்து சிக்குகின்றன. அந்த முடிச்சு முதல் பதிலிலேயே அவிழ்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

கேள்வி: வடிகட்டிப் பார்க்கும் பக்கத்துக்கு "?நிறம்=சிவப்பு&நிறம்=நீலம்" என்று யூஆர்எல் அமைத்தேன். ஒரே பெயரை இரண்டு முறை எழுதுவது விதிமீறல் என்கிறார் எங்கள் டீம் லீட். உண்மையா சார்?

எந்த விதியும் மீறப்படவில்லை. யூஆர்எல்லின் இலக்கணத்தைச் சொல்லும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3986 (2005), கேள்விக்குறிக்குப் பின்னால் எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. "பெயர்=மதிப்பு" என்ற வடிவம் அடிக்கடி பயன்படுகிறது என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பெயர் எத்தனை முறை வரலாம் என்று அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

அந்த வடிவம் பிறந்த இடம் ஹெச்டிஎம்எல் ஃபார்ம். 1995இல் வந்த ஹெச்டிஎம்எல் 2.0 ஆவணமே, புலங்கள் பக்கத்தில் இருக்கும் வரிசையில் பெயரும் மதிப்புமாக அனுப்பப்படும் என்கிறது. ஒரே பெயரில் மூன்று செக்பாக்ஸ் வைத்து மூன்றையும் டிக் செய்து அனுப்பிப் பாருங்கள். பிரவுசரே அந்தப் பெயரை மூன்று முறை எழுதி அனுப்பும். பல தேர்வுகளை அனுமதிக்கும் செலக்ட் பெட்டியும் அப்படித்தான். ஆக, இது யாரோ கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல; தொடக்கத்திலிருந்தே இருக்கும் வழக்கம்.

மனதில் பதிய வேண்டியது இதுதான்: கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது ஜோடிகளின் வரிசை. அது ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு வைக்கும் டிக்ஷனரி அல்ல. நம் ஃபிரேம்வொர்க்குகள் (வலை நிரல் எழுத உதவும் தயார்த் தொகுப்புகள்) வசதிக்காக அதை டிக்ஷனரியாக மாற்றித் தருகின்றன. அந்த மாற்றத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுத்திருக்கிறது. கீழே வரும் தொல்லைகள் அத்தனைக்கும் வேர் அங்கேதான்.

கேள்வி: அதே யூஆர்எல்லை பிஎச்பியில் வாங்கினால் நீலம் வருகிறது, ஜாவாவில் வாங்கினால் சிவப்பு வருகிறது. எது சரி அண்ணா?

இரண்டும் சரிதான் தம்பி, ஏனென்றால் தவறு என்று சொல்ல விதி எதுவும் இல்லை. பிஎச்பி கடைசியில் வந்ததை வைத்துக்கொள்ளும். ரூபியின் ரெயில்ஸும் கடைசியைத்தான் எடுக்கும். ஜாவா சர்வ்லெட்டில் கெட்பாராமீட்டர் முதல் மதிப்பைத் தரும். எல்லாம் வேண்டுமென்றால் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் என்று கேட்க வேண்டும். கோ மொழியின் கெட்டும் முதலாவதைத்தான் தருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட் யாரையும் விடாமல் நடுவில் கமா போட்டு "சிவப்பு,நீலம்" என்று ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) கொடுக்கும். நோட் ஜேஎஸ் அர்ரேயாக, அதாவது பட்டியலாகத் தரும்.

எனக்கு வியப்பாக இருப்பது பைதான்தான். மொழி ஒன்றே என்றாலும் ஜாங்கோவில் கெட் என்றால் கடைசி, ஃபிளாஸ்க்கில் கெட் என்றால் முதல். ஜாங்கோவிலிருந்து ஃபிளாஸ்க்குக்கு ஒரு பகுதியை மாற்றி எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் டெஸ்ட்டுகளும் கண்டுபிடிக்காது. டெஸ்ட்டில் எல்லோரும் ஒரே மதிப்பைத்தானே அனுப்புகிறோம்? இரண்டிலுமே கெட்லிஸ்ட் இருக்கிறது. பல மதிப்புகள் வரக்கூடிய இடம் என்றால் முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துங்கள். "இப்போதைக்கு ஒன்றுதானே வருகிறது" என்று கெட் போட்டு வைத்த வரிகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

கேள்வி: பிஎச்பியில் எல்லா மதிப்புகளையும் எடுக்க வழியே இல்லையா?

பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குறி சேர்த்து "நிறம்[]=சிவப்பு&நிறம்[]=நீலம்" என்று அனுப்பினால் அர்ரேயாகக் கிடைக்கும். ரெயில்ஸிலும் இதே வழக்கம். ஆனால் இது அந்த ஃபிரேம்வொர்க்குகளின் வழக்கம், வலையின் விதி அல்ல. மற்ற சர்வர்களுக்கு "நிறம்[]" என்பது "நிறம்" என்பதிலிருந்து வேறுபட்ட இன்னொரு பெயர். ஆர்எஃப்சி 3986 கணக்கில் அந்த அடைப்புக்குறி இந்த இடத்தில் அப்படியே வரவும் கூடாது, சதவீதக் குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றாமல் அனுப்பினால் ஜாவா உலகின் இன்றைய டாம்கேட் சர்வர் 400 பிழை (தவறான கோரிக்கை) தந்து திருப்பிவிடும்.

அனுப்பும் இடம் உங்கள் கையில் இல்லை, அடைப்புக்குறி இல்லாமல்தான் வருகிறது என்றால், மூல க்வெரி ஸ்ட்ரிங்கை (கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது முழுவதையும்) எடுத்து நீங்களே & குறியில் பிரித்துப் படியுங்கள். பத்து வரி வேலை.

கேள்வி: நோட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸில் எழுதிய ஏபிஐ (மற்ற நிரல்கள் அழைக்கும் இடைமுகம்) பல மாதம் நன்றாக ஓடியது. திடீரென்று "டூலோயர்கேஸ் ஒரு ஃபங்ஷன் அல்ல" என்று விழுந்துவிட்டது. கோடு (நிரல்) மாறவில்லை.

கோடு மாறவில்லை, வந்த யூஆர்எல் மாறியிருக்கிறது. யாரோ அந்தப் பாராமீட்டரை இரண்டு முறை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு முறை வந்தால் ஸ்ட்ரிங், இரண்டு முறை வந்தால் அர்ரே. டூலோயர்கேஸ் என்பது எழுத்துகளைச் சிற்றெழுத்தாக்கும் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்; அர்ரேக்கு அது இல்லை.

விழுந்தது உங்கள் நல்ல நேரம் என்றே சொல்வேன். விழாமல் ஓடுவதுதான் ஆபத்து. இன்க்ளூட்ஸ் என்ற ஃபங்ஷன் ஸ்ட்ரிங்குக்கும் உண்டு, அர்ரேக்கும் உண்டு, ஆனால் பொருள் வேறு. ஸ்ட்ரிங்கில் அது "இந்தத் துண்டு உள்ளே எங்காவது இருக்கிறதா" என்று பார்க்கும். அர்ரேயில் "இதற்குச் சமமான உறுப்பு இருக்கிறதா" என்று பார்க்கும். "<" குறி இருந்தால் மறுத்துவிடு என்று ஒரு சோதனை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாராமீட்டரை இரட்டிப்பாக அனுப்பினால், உள்ளே ஸ்கிரிப்ட் டேக் (பக்கத்தில் நிரலை ஓட்டும் குறி) முழுசாக இருந்தாலும் எந்த உறுப்பும் வெறும் "<" குறிக்குச் சமமில்லை, சோதனை தாண்டிவிடும். பிறகு அந்த அர்ரேயை ஸ்ட்ரிங்கோடு ஒட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் கமா போட்டு இணைத்து, அப்படியே பக்கத்தில் எழுதிவிடும். லெங்த்தும் இதே கதை: 20 எழுத்துக்கு மேல் கூடாது என்ற சோதனை, இரண்டு உறுப்புள்ள அர்ரேயில் 2 என்று பார்த்துவிட்டு வழிவிடும்.

டைப்ஸ்கிரிப்ட்டில் "இது ஸ்ட்ரிங்தான்" என்று அஸ் என்ற சொல்லைப் போட்டு எழுதுவது இங்கே காப்பாற்றாது. அது கம்பைலரின் வாயை அடைக்குமே தவிர, ஓடும்போது எதையும் சோதிக்காது. உள்ளே நுழையும் இடத்திலேயே டைப்பைப் பாருங்கள்: ஒற்றை மதிப்பு வேண்டிய இடத்தில் அர்ரே வந்தால் 400 கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: பெயரைத் திரும்ப எழுதுவதா, "நிறம்=சிவப்பு,நீலம்" என்று கமா போடுவதா? ஏபிஐ வடிவமைப்பில் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

திரும்ப எழுதுவதைத்தான். மதிப்புக்குள்ளேயே கமா வரக்கூடும் என்பது ஒன்றே போதுமான காரணம். எண்கள், குறியீடுகள் போன்று கமா வரவே வாய்ப்பில்லாத மதிப்புகள் என்றால் கமா சுருக்கமாக இருக்கும், தவறில்லை. ஏபிஐகளை விவரிக்கும் தரமான ஓபன்ஏபிஐ 3இல் க்வெரி பாராமீட்டர் அர்ரேக்கு இயல்பு வடிவம் பெயரைத் திரும்ப எழுதுவதுதான். எக்ஸ்ப்ளோட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் கமா. அதற்கு முந்தைய ஸ்வாகர் 2இல் இயல்பு கமாவாக இருந்தது. பழைய விவரணையைப் புதியதற்கு மாற்றுபவர்கள் இந்த இடத்தில் ஒரு முறை நின்று பார்க்கவும்.

ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. கன்ட்ரோலரில் ஸ்ட்ரிங் லிஸ்ட்டாக ஒரு பாராமீட்டரை அறிவித்து, அதற்கு "அ,ஆ" என்று ஒரே மதிப்பு வந்தால் ஸ்பிரிங் அதைக் கமாவில் வெட்டி இரண்டாக்கும். அதே பெயர் இன்னொரு முறையும் வந்தால் வெட்டாது. பயனர் ஒரு தேர்வு செய்தால் உடைகிறது, இரண்டு செய்தால் சரியாக வருகிறது என்று புகார் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கேள்வி: இதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்கிறார்களே, மிகைப்படுத்தலா?

இல்லை. 2009இல் வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் மாநாட்டில் லூகா கரெட்டோனி, ஸ்டெஃபானோ டி பாவ்லா இருவரும் ஹெச்டிடிபி பாராமீட்டர் பொல்யூஷன் என்ற பெயரில் இதை விரிவாக முன்வைத்தார்கள். சாரம் எளிது: வரும் வழியில் இரண்டு மென்பொருள்கள் இருந்து, ஒன்று முதலாவதையும் மற்றொன்று கடைசியையும் படித்தால், சோதிக்கப்படும் மதிப்பு ஒன்று, செயல்படும் மதிப்பு வேறு.

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். முன்னால் நின்ற கேட்வே (கோரிக்கைகளை முதலில் வாங்கிப் பின்னால் அனுப்பும் மென்பொருள்) கணக்கு எண்ணைப் படித்து, அந்தப் பயனருக்கு உரிமை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, யூஆர்எல்லை அப்படியே பின்னால் தள்ளியது. கேட்வே படித்தது முதல் மதிப்பை. பின்னால் இருந்த பிஎச்பி படித்தது கடைசியை. தன் கணக்கு எண்ணை முதலிலும் அடுத்தவருடையதைப் பின்னாலும் வைத்தால் அடுத்தவர் விவரம் வந்து நின்றது. உள்சோதனையில் அகப்பட்டதால் பிழைத்தோம். இரண்டு குழுவும் தத்தம் நிரலைக் காட்டி "எங்கள் பக்கம் சரி" என்றார்கள், தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் சொன்னது உண்மை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

தீர்வு: ஒற்றையாக இருக்க வேண்டிய பாராமீட்டர் இரண்டாக வந்தால் முதல் வாசலிலேயே மறுத்துவிடுங்கள். "எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்வோம்" என்ற பெருந்தன்மை இங்கே வேண்டாம். அணுகல் உரிமை வழங்குவதற்கான தரமான ஓஆத் 2.0 (ஆர்எஃப்சி 6749, 2012) எந்தப் பாராமீட்டரும் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. கேட்வேயும், தான் சரிபார்த்த மதிப்பைக் கொண்டு யூஆர்எல்லைப் புதிதாகக் கட்டிப் பின்னால் அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டில் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் பயன்படுத்துகிறேன். இரண்டாவது நிறம் சேர்த்ததும் முதல் நிறம் காணாமல் போகிறது.

செட் போட்டிருப்பீர்கள். அது அந்தப் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒன்றை வைக்கும். சேர்க்க வேண்டுமென்றால் அப்பெண்ட். படிக்கும்போது கெட் முதலாவதை மட்டும் தரும், கெட்ஆல் எல்லாவற்றையும் தரும். இன்னொரு பொறி: ஆப்ஜெக்ட் ஃப்ரம்என்ட்ரீஸ் கொண்டு மொத்தத்தையும் ஆப்ஜெக்ட்டாக மாற்றினால் கடைசி மதிப்பு மட்டும் மிஞ்சும், சத்தமே வராது.

கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஆக்சியாஸுக்கு அர்ரே கொடுத்தால் அது இயல்பாக அடைப்புக்குறி சேர்த்து அனுப்பும். வெறும் பெயராகத் திரும்ப வர வேண்டுமென்றால் பாராம்ஸ்சீரியலைசரில் இன்டெக்ஸஸ் என்பதை "நல்" (வெறுமை மதிப்பு) ஆக்குங்கள். பழைய ஜேக்வெரி என்றால் டிரெடிஷனல் என்ற தெரிவை ட்ரூ ஆக்க வேண்டும். பைதானின் யூஆர்எல்என்கோடில் டூசீக்வென்ஸ் என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு, அதை ட்ரூ ஆக்காவிட்டால் லிஸ்ட்டை அடைப்புக்குறி, மேற்கோள் குறியோடு அப்படியே ஸ்ட்ரிங்காக்கி அனுப்பிவிடும்.

கேள்வி: எல்லா டிக்கையும் எடுத்துவிட்டால் சர்வருக்கு எதுவுமே போகவில்லை. "காலி" என்று எப்படிச் சொல்வது?

இந்த வடிவத்தில் காலிப் பட்டியலைச் சொல்ல வழியே கிடையாது. பெயர் வராமல் போவது "எதுவும் வேண்டாம்" என்பதா, "இதைப் பற்றிப் பேச்சே இல்லை" என்பதா என்று சர்வருக்குத் தெரியாது. ரெயில்ஸ் ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறது: செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் 0 என்ற மறைவான புலம் ஒன்றை வைக்கும். டிக் இல்லையென்றால் 0 மட்டும் போகும். டிக் இருந்தால் 0, 1 இரண்டும் போய், கடைசி வெல்லும் என்பதால் 1 நிற்கும். திரும்ப வரும் பெயரைத் தெரிந்தே பயன்படுத்திய அழகான இடம் அது. ஆனால் முதலாவதை எடுக்கும் சர்வரிடம் இதே உத்தி எப்போதும் 0 தான் தரும்.

கேள்வி: வரிசை மாறினால் பாதிப்பு உண்டா?

கேஷ் (முன்பு தந்த பதில்களைச் சேமித்து வைக்கும் இடம்) வைத்திருந்தால் உண்டு. "சிவப்பு, நீலம்" ஒரு நகல், "நீலம், சிவப்பு" இன்னொரு நகல். வரிசைக்குப் பொருள் இல்லாத இடத்தில் யூஆர்எல் கட்டும்போதே அடுக்கி அனுப்புங்கள். கையொப்பமிடும் ஏபிஐகளில் இது இன்னும் கறார்: ஓஆத் 1.0 (ஆர்எஃப்சி 5849, 2010) பெயரால் அடுக்கு, பெயர் ஒன்றானால் மதிப்பால் அடுக்கு என்கிறது. இரண்டாவது படியை மறந்தவர்களுக்கு, பெயர் திரும்ப வரும் கோரிக்கைகளில் மட்டும் கையொப்பம் பொருந்தாது.

கேள்வி: 1,500 ஐடிகளை இப்படி அனுப்பலாமா?

வேண்டாம். பிஎச்பியில் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் என்ற வரம்பு இயல்பாக 1000; அதற்கு மேல் வருவதை ஒரு எச்சரிக்கையோடு வெட்டிவிடும், கோரிக்கை நிற்காமல் குறைந்த ஐடிகளோடு ஓடும். அப்பாச்சியில் முதல் வரிக்கு 8190 பைட் எல்லை, தாண்டினால் 414 பிழை (யூஆர்எல் மிக நீளம்). தமிழ் மதிப்புகள் என்றால் இன்னும் சீக்கிரம் நிரம்பும், ஒவ்வொரு குறியும் 3 பைட், சதவீதக் குறியீட்டில் 9 எழுத்து. இவ்வளவு ஐடி இருந்தால் போஸ்ட் கோரிக்கையின் உடலில் ஜேசானாக அனுப்புங்கள். அங்கே அர்ரே அர்ரேயாகவே போய்ச் சேரும், காலியாக இருந்தாலும்.