நாகப்பாம்பு நஞ்சில் பெப்டைடுகள் சிக்கவில்லையா? டாலரன்ஸைத் தொடாதீர்கள்

கேள்வி: நாகப்பாம்பு நஞ்சின் புரதங்களை ட்ரிப்சின் என்ற நொதியால் பெப்டைடுகளாக (சிறு துண்டுகளாக) வெட்டி, அவற்றின் எடையை அளக்கும் ஆர்பிட்ராப் கருவியில் ஓட்டினேன். யூனிப்ராட் புரத டேட்டாபேஸில் உள்ள நாஜா நாஜா (இந்திய நாகம்) புரதங்களை மட்டும் வைத்துத் தேடினால் பத்து ஸ்பெக்ட்ரத்துக்கு (பெப்டைடு உடைந்த துண்டுகளின் எடைப் பதிவு) ஒன்றுகூடப் பொருந்தவில்லை. டாலரன்ஸை (முழுப் பெப்டைடின் எடையில் அனுமதிக்கும் பிழை) 10 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 10 பங்கு) 50 ஆக்கவா, மாடிஃபிகேஷன்களை (அமினோ அமிலங்களில் ஏறும் வேதி மாற்றங்கள்) கூட்டவா, இல்லை எஃப்டிஆரை (தவறான பொருத்தங்களின் விகிதம்) 5% ஆக்கிவிடவா?

பதில்: மூன்றும் வேண்டாம். நல்ல மாதிரியிலும் கணிசமான ஸ்பெக்ட்ரங்கள் அடையாளம் தெரியாமல்தான் போகும், ஆனால் உங்களுடையது ரொம்பக் குறைவு.

மென்பொருள் செய்வது இவ்வளவுதான்: நீங்கள் கொடுத்த புரதங்களைக் கணக்கிலேயே வெட்டி, எடை ஒத்துவரும் பெப்டைடுகளைப் பொறுக்கி, அவற்றின் பி, ஒய் அயனிகள் (பெப்டைடு உடையும்போது இரு முனைகளிலிருந்தும் வரும் துண்டுகள்) ஸ்பெக்ட்ரத்தில் இருக்கின்றனவா என்று மதிப்பெண் போடுகிறது. பட்டியலில் இல்லாத பெப்டைடு எத்தனை டாலரன்ஸ் கொடுத்தாலும் வராது, தப்பான போட்டியாளர்கள்தான் கூடுவார்கள். மாடிஃபிகேஷனும் அப்படியே, மூன்று மெத்தியோனின் இருக்கும் பெப்டைடுக்கு ஆக்சிடேஷன் ஒன்றைச் சேர்த்தாலே எட்டு வடிவம் ஆகிவிடும்.

முதலில் சிஸ்டீனைப் பாருங்கள். நாகத்தின் மூவிரல் நச்சுகளில் (மூன்று விரல்போல மடிந்த சிறு புரதங்கள்) அறுபது எழுபது அமினோ அமிலத்துக்குள் எட்டு சிஸ்டீனாவது இருக்கும். சிஸ்டீனில் ஒட்டிக்கொள்ளும் அயோடோஅசெட்டமைடு போட்டிருந்தால் +57.021 டால்டனை எல்லாச் சிஸ்டீனுக்கும் ஃபிக்ஸ்டாகக் கொடுத்தாக வேண்டும், இதை விட்டால் பாதி நஞ்சு காணாமல் போகும். அப்புறம், எம்எஸ்2, அதாவது துண்டுகளின் ஸ்பெக்ட்ரம், ஆர்பிட்ராப்பில் எடுத்ததா, துல்லியம் குறைந்த அயன் டிராப்பிலா? அயன் டிராப் என்றால் ஃபிராக்மென்ட் டாலரன்ஸ் 0.5 டால்டன் வேண்டும். 0.02 என்று கிடந்தால் எதுவும் பொருந்தாது. நீங்கள் மாற்ற வேண்டிய டாலரன்ஸ் ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

அடுத்தது டேட்டாபேஸ். நச்சுப் புரதங்கள் ஒன்றிரண்டு அமினோ அமிலத்தில் வேறுபடும் நெருங்கிய உறவுகள், ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பெப்டைடு போச்சு. எனவே நாகம் சேர்ந்த எலாபிடே பாம்புக் குடும்பம் முழுவதையும் எடுங்கள், 2020இல் வெளிவந்த இந்திய நாக ஜீனோமின் புரதங்களையும் சேருங்கள், கெரட்டின், ட்ரிப்சின் போன்ற கலப்படங்களும் இருக்கட்டும். பட்டியல் சின்னதாக இருப்பதில் இன்னொரு வம்பு உண்டு. எஃப்டிஆர் என்பது திருப்பிப்போட்ட போலி வரிசைகளில் எத்தனை விழுந்தன என்று எண்ணிச் சொல்வது, மொத்தமே நூறு பொருத்தம் என்றால் 1% என்பது ஒரே ஒரு போலி, அது இரண்டானால் 2%. அதை நம்பி என்ன எழுதுவீர்கள்?

இதற்குப் பிறகும் குறைந்தால் எம்எஸ்ஃபிராகர் என்ற தேடல் மென்பொருளில் ஓப்பன் சர்ச் ஒருமுறை ஓட்டுங்கள். இங்கே மட்டும் முன்னோடி அயனியின் (உடைக்கும் முன் உள்ள முழுப் பெப்டைடு) எடையைச் சில நூறு டால்டனுக்குத் திறந்துவிடுகிறோம், கோளாறைக் கண்டுபிடிக்க மட்டும்தான். எடை வித்தியாசங்களில் எது குவிகிறது என்று பாருங்கள்: 15.995 ஆக்சிடேஷன், 0.984 டீஅமிடேஷன், 1.003 வந்தால் ஐசோடோப்பைத் தவறாகப் பிடித்திருக்கிறது, மாடிஃபிகேஷனே இல்லை. நிஜமாகக் குவிந்ததை மட்டும் வழக்கமான தேடலில் சேருங்கள்.

மிஞ்சும் நல்ல ஸ்பெக்ட்ரங்களுக்கு பீக்ஸ், காசநோவோ மாதிரி, டேட்டாபேஸ் இல்லாமலே வரிசையைப் படிக்கும் டி நோவோ கருவிகள் உண்டு. லூசினும் ஐசோலூசினும் இரண்டுமே 113.084 டால்டன் என்பதால் வழக்கமான ஸ்பெக்ட்ரத்தை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது, கிடைத்த வரிசையை, தெரிந்த வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்டில் போடும்போது அந்த இடங்களில் வரும் வேறுபாட்டைப் புது நச்சு என்று எண்ணிவிடாதீர்கள்.